ஆரஞ்சே இல்லாத ஆரஞ்சு ஒயின்!

கேட்டரிங் படிக்கிற நண்பன் ஒருத்தன். பிராக்டிகல் வைவா. எக்ஸ்டர்னல் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டுக் கேட்டார்: "ஆரஞ்சு ஒயின்னா என்னப்பா?"

நம்மாளு ஒரு செகண்ட் கூட யோசிக்கவில்லை. "ஆரஞ்சுப் பழத்தைப் புழிஞ்சு புளிக்க வைக்கிறது சார்!"

"ஓஹோ... அப்ப ஒயிட் ஒயின் எதுல? பால்லயா?"

லேப் மொத்தமும் கொல்! அன்றைக்கு ராத்திரி ஹாஸ்டல் மொட்டை மாடியில் அவன் புலம்பிய புலம்பலில் பிறந்ததுதான் இந்தக் கட்டுரை. கேட்டரிங் பசங்களுக்கு இது சிலபஸ். மற்றவர்களுக்கு? ஒரு மண் பானை, ஒரு திருடன், ஒரு வாஸ்கோடகாமா எல்லாம் வருகிற சூப்பர் கதை. வாங்க!

நாலே கட்டம்!

நோட்டை எடுங்க. நடுவில் பெரிய கூட்டல் குறி போட்டு நாலு கட்டம் ஆக்குங்க. ஒயின் கலர் மேட்டர் மொத்தமும் இதற்குள் அடங்கிவிடும்.

அதற்கு முன் ஒரு சின்ன ரகசியம். திராட்சை கறுப்போ பச்சையோ, தோலை உரித்துவிட்டுப் பிழிந்தால் வரும் சாறுக்குப் பெரும்பாலும் சொல்லிக்கொள்கிற மாதிரி நிறமே இருக்காது. கலர் எல்லாம் தோலில்தான்!

முதல் கட்டம்: கறுப்புத் திராட்சை, தோலோடு நாள்கணக்கில் புளித்தால் ரெட் ஒயின். இரண்டாவது: அதே கறுப்புத் திராட்சை, தோலோடு கொஞ்ச நேரம் மட்டும் உறவாடிவிட்டுப் பிரிந்தால் ரோஸே. மூன்றாவது: பச்சைத் திராட்சையைப் பிழிந்து, தோலைத் தூக்கி எறிந்துவிட்டு, சாறு மட்டும் புளித்தால் ஒயிட் ஒயின். நான்காவது கட்டம்தான் ரொம்ப நாள் பாடப்புத்தகத்தில் காலியாகவே கிடந்தது. பச்சைத் திராட்சை, ஆனால் தோலோடு, நாள்கணக்கில், வாரக்கணக்கில், சில இடங்களில் மாதக்கணக்கில் புளித்தால்..? தேன் நிறத்திலிருந்து செம்பு நிறம் வரை ஒரு கலர் வரும். அதுதான் ஆரஞ்சு ஒயின். ஆரஞ்சுப் பழத்துக்கும் இதுக்கும் ஸ்நானப் பிராப்தி கூட கிடையாது!

'ஆரஞ்சு ஒயின்' என்ற பெயர் வந்ததே 2004ல்தான். வைத்தவர் டேவிட் ஹார்வி என்ற பிரிட்டிஷ் ஒயின் வியாபாரி. பெயர்தான் புதுசு, சரக்கு அரதப் பழசு. ஜார்ஜியா நாட்டில் மண்ணுக்குள் புதைத்த ஜாடிகளில் இப்படித் தோலோடு புளிக்க வைக்கும் வழக்கம் இன்றும் இருக்கிறது. அங்கே தோண்டி எடுத்த பானை ஓடுகளைச் சோதித்து, சுமார் 8,000 வருஷத்துக்கு முந்தைய ஒயின் தடயம் இருப்பதாக 2017ல் விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். இத்தாலியின் யோஷ்கோ கிராவ்னர் 2000ல் ஜார்ஜியா போய்ப் பார்த்துவிட்டு வந்து, தன் ஊரில் ஜாடிகளைப் புதைக்க ஆரம்பித்தார். அதற்குப் பிறகுதான் பெரிய ஊர் ரெஸ்டாரன்ட்டுகளில் இது ஃபேஷன் ஆனது.

ஆனால் ஃபேஷனுக்காக இல்லாமல், பரம்பரை பரம்பரையாகச் செய்துகொண்டே இருந்த ஒரு மூலை ஐரோப்பாவின் மேற்குக் கோடியில் இருக்கிறது. போர்ச்சுகல்!

வாஸ்கோடகாமா வீட்டு விலாசம்

ஸ்கூல் ஹிஸ்டரி புக்கில் தாடியோடு முறைப்பாரே, அவரேதான். 1498ல் கோழிக்கோட்டில் வந்து இறங்கிய அந்த வாஸ்கோடகாமாவுக்கு 1519ல் போர்ச்சுகல் ராஜா கொடுத்த பட்டம் 'விடிகேய்ரா பிரபு'. 1524ல் கொச்சியில் இறந்தார். 1539ல் அவர் எலும்புகளைக் கப்பலில் கொண்டுபோய்ப் புதைத்ததும் விடிகேய்ராவில்தான். லிஸ்பனுக்கு மாற்றியதெல்லாம் பல நூற்றாண்டு கழித்து.

அந்த விடிகேய்ரா இருப்பது அலென்டெஜோ என்ற பகுதியில். 'தேஜோ நதிக்கு அந்தப் பக்கம்' என்று அர்த்தம். நாட்டின் பரப்பில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. கோதுமை வயல், ஆலிவ் தோப்பு, பாட்டில் மூடிக்கான கார்க் உரிக்கிற ஓக் மரங்கள், கோடையில் மண்டையைப் பிளக்கும் வெயில். இதுதான் அலென்டெஜோ.

ஜன்னல், சாவி, அலமாரி, மேசை... இதெல்லாம் போர்ச்சுகீசியரிடமிருந்து நாம் வாங்கிப் போட்டுக்கொண்ட வார்த்தைகள். 'பீப்பாய்' கூட அவங்க கொடுத்ததுதான். அவர்கள் ஊரில் 'பிப்பா' என்றால் ஒயின் ஊற்றி வைக்கும் மரப் பீப்பாய். ஆனால் அலென்டெஜோ கிராமத்து ஒயினுக்குப் பீப்பாயே வேண்டாம். அதற்கு வேண்டியது 'தால்யா'. மண்ணில் சுட்ட பெரிய ஜாடி. கேட்டால் நம்ம 'தாழி' ஞாபகம் வருகிறதா? எனக்கும் வந்தது. ஆனால் இது தற்செயலான ஒற்றுமைதான். லத்தீன் வழியாக வந்த வார்த்தை அது. உருவம் மட்டும் அச்சு அசல் தாழிதான்!

இந்தப் பழக்கத்தை அங்கே கொண்டுவந்தவர்கள் ரோமானியர்கள். சுமார் 2,000 வருஷக் கதை. விடிகேய்ராவுக்குப் பக்கத்திலேயே விலா டி ஃப்ராடெஸ் என்ற குட்டி ஊர். அதன் எல்லையில் சாவ் குகுஃபாத்தே என்ற ரோமானிய மாளிகையின் இடிபாடுகள் நிற்கின்றன. ஊருக்குள் பல வீட்டுத் தரைத்தளத்தில் இன்றும் தால்யாக்கள் வரிசையாக நிற்கின்றன.

தாழியும் திருடனும்

பெரிய தால்யா ஒன்று ஆள் உயரத்தைத் தாண்டும். ஆயிரம் லிட்டருக்கு மேல் பிடிக்கிற ஜாடிகள் உண்டு. மண் பாத்திரம் கசியுமே? அதனால் உள்பக்கம் பைன் மரப் பிசினை உருக்கிப் பூசிவிடுவார்கள்.

செப்டம்பர் வாக்கில் திராட்சை அறுவடை. பழத்தை நசுக்கி, தோல், விதை, சாறு எல்லாவற்றையும் மொத்தமாக ஜாடிக்குள் கொட்டுவார்கள். பழத்தோடு வருகிற ஈஸ்ட் சர்க்கரையைத் தின்ன ஆரம்பிக்கும். ஆல்கஹாலும் கார்பன் டை ஆக்சைடும் வரும். இந்த வாயு தோலையெல்லாம் மேலே தள்ளி, மூடி போட்ட மாதிரி கெட்டியாக்கிவிடும்.

இங்கேதான் ஆபத்து. அந்தத் தோல் மூடியை மரக்கட்டையால் தினம் இரண்டு தடவையாவது கீழே அமுக்கிவிட வேண்டும். மறந்தால்? அடியில் அழுத்தம் ஏறி, ஜாடியே வெடித்துவிடும்! ஆயிரம் லிட்டர் ஒயின் தரையில்!

அதற்கும் ஒரு ஐடியா வைத்திருக்கிறார்கள். ஒயின் கூடத்தின் தரையைச் சரிவாகக் கட்டி, தாழ்வான இடத்தில் ஒரு தொட்டியோ ஜாடியோ புதைத்துவிடுவார்கள். ஜாடி உடைந்தால் ஒயின் ஓடிப்போய் அதில் சேரும். அந்தக் குழிக்குப் பெயர் 'லத்ராவ்'. தமிழில் சொன்னால்... 'திருடன்'! காப்பாற்றிக் கொடுக்கிறவனுக்குத் திருடன் என்று பெயர் வைத்த குசும்பு பிடித்த ஊர்!

புளிப்பு முடிந்ததும் தோலும் விதையும் மெதுவாக அடியில் படியும். மேலே காற்று படாமலிருக்க ஆலிவ் எண்ணெயை ஒரு படலமாக ஊற்றி வைப்பது வழக்கம். அப்புறம் வெயிட்டிங். எதுவரை? நவம்பர் 11, புனித மார்ட்டின் திருநாள் வரை. அன்றைக்கு ஜாடியின் அடியிலுள்ள துளையில் மரக்குழாயைச் செருகுவார்கள். ஒயின் படிந்து கிடக்கும் தோல் வழியாகவே வடிந்து, தெளிவாக இறங்கும். ஃபில்டர் மெஷினெல்லாம் கிடையாது!

கவனிச்சீங்களா? ஒயிட் ஒயின்காரர்கள் வேண்டாம் என்று தூக்கிப்போடும் அதே தோல்தான் இங்கே கலர் கொடுக்கிறது, சுவை கொடுக்கிறது, கடைசியில் வடிகட்டியாகவும் நிற்கிறது. மூணு வேலை, ஒரே ஆள்!

துவர்ப்பு... நமக்கு ஈஸி!

சரி, குடித்தால் எப்படி இருக்கும்? மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் தேன், காய்ந்த ஆப்ரிகாட், ஆரஞ்சுத் தோல், வால்நட் மாதிரி வாசனைகள். 'ஆஹா, தித்திப்பா இருக்கும்போல' என்று நம்பி ஒரு வாய் எடுத்தால், இனிப்பு சுத்தமாக இருக்காது! பல் ஈறில் ஒரு பிடிப்பு. நாக்கு லேசாக வறளும். ஸ்ட்ராங் டிகாஷன் டீயைப் பால் இல்லாமல் குடித்தால் வருமே, அது!

அந்தப் பிடிப்புக்குக் காரணம் டானின். திராட்சைத் தோலிலும் விதையிலும் இருப்பது. நம் எச்சிலில் இருக்கும் புரோட்டீனோடு போய் ஒட்டிக்கொள்வதால் வாய் வறண்ட மாதிரி தோன்றும். இதை விளக்க வெள்ளைக்காரர்கள் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். நமக்கு ஒரே வார்த்தை... துவர்ப்பு! நாவல் பழம், வாழைப்பூ, நெல்லிக்காய் சாப்பிட்டு வளர்ந்த நாக்கு இது. அறுசுவையில் அதுக்கு சீட்டே ரிசர்வ் பண்ணி வைத்திருக்கிறோம்.

போர்ச்சுகலில் இந்த வகை பாட்டில்களின் லேபிளில் 'குர்த்திமெந்தா' என்று இருக்கும். மாட்டுத்தோல் பதனிடுவதற்கும் அதே சொல்தான். காரணம் இருக்கு. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டையில் தோல் பதனிட்டார்களே, அதில் வேலை செய்ததும் இதே டானின்தான். அதே சொல்லின் வேர் பேச்சு வழக்கில் 'ஜாலியா அனுபவிக்கிறது' என்றும் பொருள்படும். பிரேசில் ஃபேஸ்புக்கில் 'லைக்' பட்டனுக்கு 'குர்த்தீர்' என்றே பெயர் வைத்தார்கள்!

தட்டுல என்ன?

இப்போ மெயின் மேட்டர். இந்த ஒயினைத் தனியாக உட்கார்ந்து குடிக்கிறவர்களில் பலர், 'என்னப்பா இது, கசக்குது' என்று முகம் சுளிப்பார்கள். தப்பு ஒயின் மேல் இல்லை. அது சாப்பாட்டுக்காகப் பிறந்தது. துவர்ப்புக்கு எதிரில் எண்ணெய், கொழுப்பு, உப்பு, புரோட்டீன் நின்றால் டானின் போய் அதோடு ஒட்டிக்கொள்ளும். நாக்கு தப்பிக்கும். கூடவே, ஒயினின் புளிப்பு வாயைக் கழுவி, அடுத்த கவளத்துக்கு ரெடி பண்ணும். அலென்டெஜோ சாப்பாடு அப்படியே இதற்கு ஜோடி.

அசோர்டா: இந்த ஊர் ஏழைகளின் ஹீரோ. பூண்டு, கொத்தமல்லி, உப்பு மூன்றையும் உரலில் இடித்து, ஆலிவ் எண்ணெய் ஊற்றி, கொதிக்கிற தண்ணீரை விட்டு, அதில் காய்ந்துபோன ரொட்டித் துண்டுகளைப் போடுவார்கள். மேலே உடைக்காத மஞ்சள் கருவோடு ஒரு முட்டை. அவ்வளவுதான். ஐரோப்பாவில் பல நாடுகள் பார்ஸ்லியைத் தூவிக்கொண்டிருக்க, அலென்டெஜோக்காரர்கள் மட்டும் நம்மை மாதிரி கொத்தமல்லிப் பைத்தியம்! பச்சைப் பூண்டும் முட்டையும் சேர்ந்தால் மென்மையான ஒயிட் ஒயின் காணாமல் போய்விடும். தால்யா ஒயின் அசையாமல் நிற்கும்.

செர்பா சீஸ்: செம்மறியாட்டுப் பாலில் செய்வது. பாலை உறைய வைக்க, கன்றுக்குட்டி வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட்டுக்குப் பதிலாக ஒருவகை முட்செடியின் பூவை ஊறவைத்துப் பயன்படுத்துகிறார்கள். உள்ளே வெண்ணெய் மாதிரி குழையும், லேசாகக் கசக்கும். கொழுப்பு, உப்பு இரண்டும் இருப்பதால் துவர்ப்புக்கு இதைவிட நல்ல ஃப்ரெண்ட் கிடைக்காது.

பன்றிக்கறியும் மட்டியும்: கடல் சிப்பியான மட்டியையும் பன்றிக்கறியையும் ஒரே சட்டியில் போடுகிற தைரியம் இவர்களுக்குத்தான். பூண்டு, சிவப்புக் குடைமிளகாய் விழுது, ஒயின் சேர்த்துக் கறியை ஊறவைத்து வறுத்து, மட்டியைப் போட்டு, மேலே கொத்தமல்லி. 'கறிக்கு ரெட், மீனுக்கு ஒயிட்' என்று மனப்பாடம் பண்ணியவர்கள் இங்கே முழிப்பார்கள். ரெட்டின் பிடிப்பும் ஒயிட்டின் புளிப்பும் சேர்ந்த ஆரஞ்சுக்கு இது அல்வா சாப்பிடுற மாதிரி!

பக்கல்யாவ்: உப்பிட்டு உலர்த்திய காட் மீன். நம்ம கருவாட்டுக்குத் தூரத்துச் சொந்தம். ஊறவைத்து, உருளைக்கிழங்கு, வெங்காயம், ஆலிவ் எண்ணெயோடு சமைப்பார்கள். உப்பும் எண்ணெயும் இருக்கிற இடத்தில் இந்த ஒயினுக்குக் கொண்டாட்டம்.

சுட்ட செஸ்ட்நட்: நவம்பர் 11 அன்று ஜாடி திறக்கும்போது கூடவே இருப்பது இது. மாவு மாதிரி உதிரும் கொட்டையின் லேசான இனிப்பும் ஒயினின் துவர்ப்பும், சுண்டலும் மாங்காயும் மாதிரி.

இன்னொரு டிப்ஸ். ஃப்ரிட்ஜில் ஐஸ் மாதிரி குளிர வைத்தால் வாசனை செத்துவிடும், துவர்ப்பு மட்டும் தூக்கலாகத் தெரியும். 12, 14 டிகிரி போதும். கேட்டரிங் பசங்க அண்டர்லைன் பண்ணிக்கோங்க!

சேராத ஜோடிகள்

'மசாலா சாப்பாட்டுக்கு ஆரஞ்சு ஒயின் சூப்பர்' என்று நிறைய பேர் சொல்வார்கள். பாதி உண்மை. சீரகம், மல்லி, பூண்டு, தேங்காய் மாதிரி வாசனைக்கு ஓகே. ஆனால் கண்ணில் தண்ணி வரவழைக்கிற மிளகாய்க் காரத்துக்கு முன் வேண்டாம். ஆல்கஹாலும் துவர்ப்பும் சேர்ந்து எரிச்சலை இன்னும் ஏற்றிவிடும்.

இதில் ஒரு வேடிக்கை. அந்த மிளகாயையே அமெரிக்கக் கண்டத்திலிருந்து நமக்குக் கொண்டுவந்தவர்கள் போர்ச்சுகீசியர்கள்! கோவாவின் 'விந்தாலு' பெயரிலேயே ஒயினும் பூண்டும் ஒளிந்திருக்கின்றன. ஒயினிலும் பூண்டிலும் கறியை ஊறவைக்கிற அவர்கள் ஊர்ச் சமையல், கோவா வந்ததும் வினிகரும் மிளகாயும் சேர்ந்து ஆளே மாறிப்போனது.

ஸ்வீட்டும் வேண்டாம். தட்டில் இருப்பது ஒயினைவிட இனிப்பாக இருந்தால், ஒயின் வெறும் புளிப்பும் கசப்புமாகத் தெரியும். ஆவியில் வெந்த மென்மையான மீனும் இதன் பக்கத்தில் ஊமையாகிவிடும்.

விற்காததால் பிழைத்தது!

இவ்வளவு பெருமை இருந்தும் இந்த ஒயின் கொஞ்சம் விட்டிருந்தால் காணாமல் போயிருக்கும். போன நூற்றாண்டின் நடுவில் அலென்டெஜோவில் கூட்டுறவு ஒயின் ஆலைகள் வந்தன. பெரிய தொட்டி, மெஷின், சீரான சுவை. திராட்சையைக் கொடுத்தோமா, காசை வாங்கினோமா என்று வேலை சுலபமாயிற்று. ஜாடியைத் தினம் இரண்டு தடவை கிளறிக்கொண்டு யார் நிற்பது? பல தால்யாக்கள் தோட்டத்து அலங்காரப் பொருளாயின. 'தாத்தா காலத்து ஒயின்' என்று சொன்னால் அது கிண்டல்.

பிழைத்தது எங்கே தெரியுமா? வீட்டிலும் ஊர்ச் சாராயக்கடை மூலையிலும். வீட்டுக்காக ஒரு ஜாடி, விருந்தாளிக்காக ஒரு ஜாடி என்று சிலர் விடாமல் போட்டுக்கொண்டே இருந்தார்கள். சாயங்காலம் ரொட்டி, ஆலிவ், சீஸோடு ஜாடியைச் சுற்றி உட்கார்ந்து, வாத்தியம் இல்லாமல் கோஷ்டியாகப் பாடுவார்கள். அந்தப் பாட்டுக்குப் பெயர் 'காந்தே'. 2014ல் அது யுனெஸ்கோவின் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. விற்பனைக்கு என்று நினைத்திருந்தால் எப்போதோ நிறுத்தியிருப்பார்கள். சாப்பாட்டோடு சேர்ந்த பழக்கம் என்பதால் தப்பித்தது.

2010ல் தால்யா ஒயினுக்கென்று சட்டபூர்வமான விதி வந்தது. அந்தப் பெயரில் சான்றிதழ் வேண்டுமென்றால், காம்பு நீக்கிய திராட்சை ஜாடியிலேயே புளிக்க வேண்டும், நவம்பர் 11 வரை தோலோடு அதிலேயே இருக்க வேண்டும். தொட்டியில் செய்துவிட்டு ஜாடியை வாசலில் நிறுத்தி போட்டோ எடுக்கிற பந்தாவுக்கு ஆப்பு! இன்றைக்கு ரெகெங்கோஸ் டி மொன்சராஸ் ஊரில் உள்ள ஜோசே டி சூசா ஒயின் ஆலையில் மட்டும் 114 தால்யாக்கள் இருக்கின்றன. வேலை தேடி ஊரைவிட்டுப் போன குடும்பங்களின் பேரப்பிள்ளைகளில் சிலர், தாத்தாவின் ஒயின் கூடத்தைத் திறந்து தூசி தட்டுகிறார்கள்.

ஆனால் ஒரு சிக்கல் இன்னும் தீரவில்லை. ஒயின் போடக் கற்றுக்கொள்ளலாம், ஜாடி? ஆள் உயரத் தால்யாவை மண் வளையம் வளையமாக ஏற்றி, காயவிட்டு, மறுபடி ஏற்றிச் செய்ய வேண்டும். அந்தக் கைவேலை தெரிந்தவர்களையும், உள்ளே பிசின் பூசத் தெரிந்தவர்களையும் விரல்விட்டு எண்ணிவிடலாம். பயன்பாட்டில் இருக்கும் பல ஜாடிகள் நூறு வயதைத் தாண்டியவை. ஒன்று வெடித்தால் ஒயினைத் 'திருடன்' காப்பாற்றிவிடுவான். ஜாடியை?

கடைசியா ஒரு வார்த்தை. 'மண் ஜாடி, இயற்கை ஈஸ்ட்' என்றதும் மூலிகைக் கஷாயம் என்று நினைத்துவிடாதீர்கள். பாட்டிலில் 12, 13 சதவிகிதம் ஆல்கஹால் இருக்கும். போர்ச்சுகலில் 18 வயது, தமிழ்நாட்டில் 21 வயது என்பது சட்டம். வயசு வராதவர்களுக்கும் வேண்டாம் என்கிறவர்களுக்கும் அசோர்டா இருக்கிறது. பழைய ரொட்டி, பூண்டு, கொத்தமல்லி, முட்டை. ஹாஸ்டல் ரூம் கெட்டிலிலேயே வெந்நீர் போட்டுச் செய்துவிடலாம், வார்டனுக்குத் தெரியாமல்!

அப்புறம், நம்ம நண்பன் என்ன ஆனான் என்கிறீர்களா? அடுத்த செமஸ்டர் வைவாவில் அதே எக்ஸ்டர்னல். அதே கேள்வி. இந்தத் தடவை நம்மாளு ஒரே வார்த்தையில் முடித்தான்.

"தோலு சார்!"